ரயில்வே கேட்டுக்குக் கொடுத்த பதினெட்டுக் குழி

எங்கள் ஊர் ரயில்வே கேட்டை இன்றைக்குப் பார்க்கிறவர்கள், அது முன்பு எப்படி இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கீழ்வேளூர்ப் பக்கமிருந்து வரும் ரோடு, இரண்டு பஸ் தாராளமாக ஒதுங்கிப் போகிற அகலத்தில்தான் வரும். கேட்டுக்கு ஐம்பது கெஜம் இருக்கும்போது இரண்டு பக்கத்து வயலும் நெருக்க ஆரம்பிக்கும். தண்டவாளத்தின் மேல் ஏறுகிற இடத்தில் ஒரு பஸ்ஸும், அதன் பக்கத்தில் வயிற்றை எக்கிக்கொண்டு ஒரு ஆளும் போகலாம். அந்தப் பக்கம் இறங்கியதும் ரோடு மறுபடியும் அகலமாகிவிடும்.

குறுகலாக இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேட் மூடியதும் நடப்பதுதான் கொடுமை. முதலில் வந்த பஸ்ஸுக்குப் பின்னால் அடுத்த லாரி நிற்காது. அதன் பக்கத்தில் போய் நிற்கும். இடுக்கில் ஒரு மாட்டுவண்டி நுழையும். மிச்சம் இருக்கிற சந்துகளில் சைக்கிள்கள். எதிர்ப் பக்கத்திலும் இதே கூத்து. ரயில் போய், கேட்டைத் தூக்கியதும் இரண்டு படைகளும் ஒரே நேரத்தில் கிளம்பி, தண்டவாளத்தின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. வேளாங்கண்ணித் திருவிழா சமயத்தில் காவி உடுத்தி நடந்து போகிறவர்களும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

"ரயிலு வர்றதுக்குக்கூட எனக்குப் பயமில்ல தங்கச்சி. போன பொறவு இவனுங்க பண்றதுக்குத்தான் பயம்" என்பார் கேட்காரர். திருவாரூர்ப் பக்கத்து மனிதர். கேட்டை ஒட்டிய சின்ன அறையில் ஒரு போன், இரண்டு கொடி, ஒரு மண்பானை வைத்துக்கொண்டு இருந்தார். "அடுத்த வண்டிக்குப் போன் வந்துடும், இவனுங்க தண்டவாளத்து மேல நின்னு எவன் அப்பன் பெரியவன்னு பேசிட்டு இருப்பானுங்க."

எங்கள் தெரு கேட்டுக்கு இந்தப் பக்கம். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. காலை பாசஞ்சர் வருகிற நேரமும் பள்ளி மணி அடிக்கிற நேரமும் ஒன்று. பெரிய பிள்ளைகள் மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து ஓடுவார்கள். என் மகளும் ஒருநாள் ஓடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. தினமும் கையைப் பிடித்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவேன். கையை இறுக்கிப் பிடித்தால் பயந்தாங்கொள்ளியாக வளர்ந்துவிடுவாளோ என்று தோன்றும். தளர்த்தினால் வேறு பயம். என் கணவர் மன்னார்குடியில் ஒரு ரைஸ்மில்லில் மெக்கானிக். சனிக்கிழமைதான் வருவார். வீட்டில் மாமனார், மாமியார், நான், குழந்தை. அத்தையும் மாமாவும் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும், எதைச் செய்தாலும் சரியாகச் செய்தேனா என்று இரண்டாம் தரம் யோசிக்கிற புத்தி எனக்குப் பிறவியிலேயே வந்தது.

பங்குனி மாதம். எங்கள் பக்கம் சம்பா நெல்லை அறுப்பதற்கு முன்னாலேயே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல் அறுத்த தாளுக்கு இடையில் அது முளைத்து, பங்குனியில் பிடுங்குகிற பதத்துக்கு வரும். பிடுங்கிய செடியை வெயிலில் காயவைத்து ரோட்டில் பரப்பினால் பஸ்ஸும் லாரியும் ஏறிப்போய் நெற்று உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். தடி எடுத்து அடிக்கிற வேலை மிச்சம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். செடியை எந்த இடத்தில் பரப்புவது என்பதில்கூட ஒரு கணக்கு உண்டு. வண்டி வேகமாகப் போகிற இடத்தில் போட்டால் உளுந்து வயலுக்குத் தெறிக்கும். வேகம் குறைகிற இடத்தில் போட்டால் தெறிக்காது.

அன்று அத்தை ஆலமரத்து வளைவில் போடலாம் என்றார். "கேட்டுக்கிட்டப் போடுவோம் அத்த, அங்கதான் வண்டியெல்லாம் மெதுவா வரும்" என்றேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. செடியைப் புரட்டிக்கொண்டே மகள் கேட்டைத் தாண்டுகிறாளா என்று அங்கிருந்து பார்க்கலாம். அன்றைக்கு மட்டும் கூடப் போகாமல், தெருப் பிள்ளைகளோடு அவளை அனுப்பிப் பார்க்கலாம் என்று எண்ணினேன். கையைத் தளர்த்திப் பழகலாம் என்று முதல் நாள்தான் முடிவு செய்திருந்தேன்.

கேட் மூடியிருந்தது. பிள்ளைகள் ரோட்டோரம் வாய்க்கால் கரையில் நின்றார்கள். ஏற்கெனவே ஒரு லாரி நின்றது. பின்னால் வந்த பஸ், வழக்கம்போல் லாரிக்குப் பக்கத்தில் போய் நிற்கிற அவசரத்தில் வேகம் குறையாமல் வந்து, எங்கள் உளுந்துச் செடியின் மேல் பிரேக் போட்டது. காய்ந்த செடி, உருண்டை உருண்டையாக உளுந்து. சக்கரம் நின்றுவிட்டது. பஸ் நிற்கவில்லை. கோணலாகச் சறுக்கிக்கொண்டே போனது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வாய்க்காலில் குதித்தார்கள். பஸ் கேட்டின் இரும்புக் குழாயை முறித்து, முன் பக்கம் தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டு நின்றது.

கேட்காரர் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் ரயிலை நோக்கி ஓடினார். அந்த வயதில் அவரால் அப்படி ஓட முடியும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாகவெல்லாம் குதித்தார்கள். நான் வாய்க்காலில் இறங்கிவிட்டேன். யார் யார் பிள்ளையையோ கரையேற்றினேன். என் மகள் நெஞ்சுவரை நனைந்து, "அம்மா, என் தட்டு! சத்துணவுத் தட்டு தண்ணியில போவுது!" என்று அழுதுகொண்டிருந்தாள். ரயில் கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

கண்டக்டர்தான் முதலில் கத்தினார். "எவன்யா ரோட்டுல செடியப் போட்டது?"

"ரோட்ட ஒட்டகத்துக் கழுத்து மாதிரி போட்டானே, அவன மொதல்ல கேளு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். இன்னொருத்தர், "புள்ளைங்க நிக்குற எடத்துல ஒனக்கு என்னய்யா அவ்ளோ வேகம்?" என்று டிரைவரின் சட்டையைப் பிடிக்கப் போனார். பேச்சு அப்படியே ரோட்டின் மேல் திரும்பிவிட்டது. அத்தை ஒன்றும் பேசாமல் செடியை வாரி வாரி எங்கள் வரப்பில் போட்டார். நானும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் தெருப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் பத்தாவது படித்து, டைப்பில் லோயர் முடித்தவள். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். கேட் இருக்கிற இடத்தில் ரோட்டை அகலப்படுத்த வேண்டும், வண்டிகள் எதிர் எதிரே நுழையாதபடி நடுவில் தடுப்பு வைக்க வேண்டும், பிள்ளைகள் நடக்கத் தனியாக ஓரப்பாதை வேண்டும் என்று எழுதினேன். பஸ் வேகமாக வந்ததையும் கேட் உடைந்ததையும் பிள்ளைகள் தண்ணீரில் விழுந்ததையும் எழுதினேன். எழுதியதெல்லாம் நடந்தது. உளுந்தைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் கேஸ் நம் மேல் திரும்பிவிடும், ரோடும் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமா சாக்கா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

கலெக்டர் மனு வாங்குகிற நாளில் நாங்கள் பதினேழு பெண்கள், பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தோம். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், செங்கொடிக்காரர் ஒருவர் என்று மூன்று பேரும் எங்களோடு வந்தார்கள். மனுவைக் கொடுத்தது தங்கள் கட்சிதான் என்று மூவரும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டார்கள். எப்படியோ மனு நகர்ந்தது. பஸ் தண்டவாளத்தில் ஏறியதால் ரயில்வேயிலிருந்தும் கடிதம் போயிருந்ததாம். ஒரு மாதத்துக்குள் சர்வேயர் சங்கிலியோடு வந்துவிட்டார்.

அளந்து முடித்து, எங்கள் வயலுக்குள் பத்தடி இறங்கி ஒரு குச்சியை நட்டார்.

அந்த வயலைப் பற்றிச் சொன்னால்தான் அந்தக் குச்சி என்னவென்று புரியும். மாமா பண்ணையில் ஆளாக இருந்தவர். கூலிக்காகவும் நிலத்துக்காகவும் எங்கள் பக்கத்தில் நடந்த சண்டையில் அடிபட்டு, இரண்டு தடவை திருச்சி ஜெயிலுக்குப் போனவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் மூன்று மா அவர் பெயருக்குப் பட்டாவானது. பட்டா கிடைத்த பிறகும் முதல் விளைச்சலை அறுக்க விடமாட்டோம் என்று பண்ணை ஆட்கள் வந்து நின்றார்கள். மாமாவும் அத்தையும் இருபது நாள் அந்த வரப்பிலேயே சோறு தின்று, காவல் இருந்து அறுத்த வயல் அது. மா ஒன்றுக்கு நூறு குழி. அந்த முந்நூறு குழியையும் மாமா பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி தனித்தனியாக அறிவார். சர்வேயரின் கோட்டுக்குள் பதினெட்டுக் குழி வந்தது.

"ஒரு குழி வுடமாட்டேன்" என்றார் மாமா. குச்சியைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார்.

எதிர்ப் பக்கத்து வயலில் எடுக்கலாமே என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அது பண்ணை வீட்டாருடையது. உச்சவரம்பில் போகாமலிருக்க அவர்கள் வழக்குப் போட்டுத் தடை வாங்கியிருந்தார்கள். யாருடைய நிலம் என்று கோர்ட்டே சொல்லாத நிலத்தில் யாராலும் கல் நட முடியாது. ஆகவே ரோடு அகலமாவதும் ஆகாததும் மாமா ஒருவரின் வாயில் இருந்தது.

தெரு சிரித்தது. "மருமவ மனு எழுதுறான்னு பெருமைப்பட்டியே, பாத்தியா, மாமனாரு வயலுக்குள்ளயே கோடு போட வச்சுட்டா" என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி அத்தையிடம் சொன்னாள். சனிக்கிழமை வந்த என் கணவர், "எழுதுனதே எழுதுன, நம்ம வயல் எங்க இருக்குன்னு ஒருதரம் திரும்பிப் பாத்துட்டு எழுதக்கூடாதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மனுவைக் கிழித்துப் போடக் கலெக்டர் ஆபீசுக்கே போகலாமா என்றுகூட யோசித்தேன். அதே நேரத்தில், உடைந்த கேட்டுக்குப் பதில் கேட்காரர் கட்டியிருந்த சங்கிலியை என் மகள் காலையில் ஒரே தாவலில் தாண்டியதைக் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த வாரம் நெடுஞ்சாலைத் துறை எஞ்சினியரே கேட்டுக்கு வந்தார். சின்ன வயதுக்காரர், தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். வி.ஏ.ஓ.வும் சர்வேயரும் கூட இருந்தார்கள். ஊரே ரோட்டில் நின்றது.

"அய்யா, நீங்க சம்மதம் எழுதிக் குடுத்தா இந்தக் கோடையிலயே வேலைய ஆரம்பிச்சுடலாம். நஷ்டஈடும் வரும்" என்றார் எஞ்சினியர். "சம்மதம் இல்லன்னா நோட்டீஸ் விட்டு, விசாரணை வச்சு, ஆர்ஜிதம் பண்ணித்தான் எடுக்கணும். வருஷக் கணக்காயிடும்."

"ஆவட்டுமே" என்றார் மாமா. "எனக்கு இந்த நிலம் வர எத்தன வருஷமாச்சுன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"சின்னப் புள்ளைங்க கடக்குற எடம் அய்யா. பஸ்ஸு தண்டவாளத்துல ஏறியிருக்கு."

"ரோடு குறுகலா இருந்ததாலயா ஏறுச்சு? அந்த டிரைவருக்குப் பிரேக்குப் புடிக்கத் தெரியல. இத்தன வருஷமா இதே ரோட்டுல தான வண்டி போவுது? அவனுக்கு ஓட்டத் தெரியாததுக்கு நான் பதினெட்டுக் குழி குடுக்கணுமா?"

கூட்டத்தில் பலர் தலையை ஆட்டினார்கள். எஞ்சினியர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அது நான் எழுதிய மனு. அவர் அதைத் திரும்ப மடிப்பதைப் பார்த்தேன். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றியது. அத்தனை பேருக்கு முன்னால் என் குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"டிரைவர் மேல மட்டும் தப்பில்ல மாமா. பஸ்ஸு நம்ம உளுந்துல சறுக்குச்சு. அத்த ஆலமரத்து வளைவுலதான் போடச் சொன்னாங்க. நான்தான் கேட்டுக்கிட்டக் கொண்டாந்து போட்டேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து, "கோடு போட வச்சது போதாதுன்னு கேஸும் வாங்கிக் குடுக்குறா" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாப்பா தண்ணியில வுழுந்தது நம்ம செடியாலயா?"

"ஆமா மாமா."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். எஞ்சினியருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்டுப் பக்கத்துல உளுந்து அடிக்கிறீங்களா? ரோடு என்ன உங்க களமா?"

அதுவரை பேசாமல் நின்ற அத்தை முன்னால் வந்தார். அத்தை ஆண்கள் கூடிய இடத்தில் பேசி நான் கேட்டதில்லை.

"ஆமாங்க சார். ரோடுதான் எங்க களம். வேற எங்க போயி அடிக்கச் சொல்றீங்க? நிலத்தப் பிரிச்சுக் குடுத்தீங்க. களத்தப் பிரிச்சுக் குடுத்தீங்களா? களம் இன்னும் பண்ணையோடதுதான். கட்டு சொமந்துகிட்டு அங்க போயி நின்னா, 'பட்டா வாங்குனவளுக்கு எங்க களம் எதுக்கு'ங்குறாங்க. நெல்லுன்னா வயல்லயே பாயப் போட்டு அடிச்சுக்குறோம். உளுந்த எங்க கொண்டுபோறது? என் தலையிலயா?"

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நிலம் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் இதே கதைதான். இத்தனை வருடம் எல்லோரும் ரோட்டில் போட்டோமே தவிர, களம் இல்லாததால்தான் போடுகிறோம் என்று ஒருவரும் ஒரு மனுவிலும் எழுதியதில்லை. எழுதத் தெரிந்த நானும் எழுதவில்லை.

"களம் எங்க டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்றார் எஞ்சினியர்.

"ரயிலு கேட்ட கேட்டா அது ரயில்வேங்குறீங்க. களத்தக் கேட்டா பஞ்சாயத்துங்குறீங்க. எங்க பதினெட்டுக் குழி மட்டும் எப்புடிங்க உங்க டிபார்ட்மெண்ட்டு ஆச்சு?" என்றார் அத்தை. சர்வேயர்கூடச் சிரித்துவிட்டார்.

வி.ஏ.ஓ. பதிவேட்டைப் புரட்டி, தெருவுக்குப் பின்னால் பழைய செங்கல் காளவாய்ப் புறம்போக்கு இருக்கிறது, மேட்டுப் பாங்கு, ஊராட்சி ஒன்றியத்தில் சிமெண்ட் களம் போடத் திட்டம் உண்டு, தீர்மானம் வைத்தால் கிடைக்கும் என்றார். மாமா அதைக் கேட்டுக்கொண்டே தன் வயலைப் பார்த்தார். பிறகு பண்ணைக் களம் இருந்த திசையைப் பார்த்தார். அந்தக் களத்தில் அவர் எத்தனை வருடம் அடிபட்டு நின்றார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எங்க ஆளுங்களுக்குன்னு சொந்தமா ஒரு களம். பண்ணை வாசலுக்குப் போவாம" என்றார், யாரிடம் என்றில்லாமல். அப்புறம் என்னிடம் திரும்பினார். "என்னம்மா பாத்துகிட்டு நிக்குற? எழுது."

கேட்காரரின் அறையில், அவருடைய பேனாவை வாங்கி, அவருடைய பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். எஞ்சினியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சம்மதத்த மட்டும் எழுதுங்கம்மா. களத்தப் பின்னால பாத்துக்கலாம்" என்றார்.

என் கை நின்றது. அவர் அதிகாரி. நான் சொல்வது மரியாதைக் குறைவாகிவிடுமோ, இதனால் வந்ததும் போய்விடுமோ என்றெல்லாம் ஒரு நிமிடத்தில் ஓடியது. வழக்கமாக அந்த நிமிடத்தில் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

"பின்னாலன்னா எப்ப சார்?" என்றேன். "நீங்க இருக்கும்போதே ரெண்டையும் ஒரே தாள்ல எழுதிடுறேன். ரோட்டுக்குக் கல்லு நடுற அன்னிக்கே களத்துக்கும் கல்லு நடணும். வி.ஏ.ஓ. சாரும் கையெழுத்துப் போடட்டும்."

"அது முறையில்லையேம்மா."

"அடுத்த பங்குனிக்கும் உளுந்து வெளையும் சார். களம் வரலன்னா மறுபடி ரோட்டுலதான் போடுவோம். போடமாட்டோம்னு நான் எழுதிக் குடுத்தா அது பொய்யாயிடும். ஒருதரம் பாதி எழுதிட்டேன். மறுபடி முடியாது."

எஞ்சினியர் என்னையும் வி.ஏ.ஓ.வையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதுங்க" என்றார்.

களமும் ரோடும் ஒரே தாளில் ஏறின. நடுத் தடுப்பும் ஓரப்பாதையும் ஏறின. கேட்டிலிருந்து இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்துக்கு ரோட்டில் எதையும் பரப்பமாட்டோம் என்று ஊர் சார்பில் நான் எழுதியபோது, "எள்ளும் சேத்தியா?" என்று ஒரு அக்கா கவலையோடு கேட்டாள். எள்ளும் சேர்த்தி என்று எழுதினேன். மாமா ஜெயிலில் கற்றுக்கொண்ட கையெழுத்தை, ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் போட்டார்.

கல் இரண்டும் ஒரே நாளில் நட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது என்று சொல்ல முடியாது. தண்டவாளத்துக்கு இரு பக்கமும் இத்தனை அடி ரயில்வேயுடையது, அதற்கு அப்பால்தான் நெடுஞ்சாலைத் துறையுடையது என்று இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நடுவில் கொடிக்கம்பம் தகராறு வேறு. இரண்டு கழகக் கம்பமும் செங்கொடிக் கம்பமும் கேட்டுக்குப் பக்கத்தில், சரியாகப் புது ரோடு வருகிற இடத்தில் நின்றன. கம்பத்தை நகர்த்த யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மற்றவன் முதலில் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

"எங்க கொடி எறங்கி நிக்கும்போது அவனுது பறக்குறதா?" என்றார் ஆளுங்கட்சிக்காரர். எதிர்க்கட்சிக்காரரும் அதையே சொன்னார். மூன்று வாரம் ஜல்லி ரோட்டோரம் கிடந்தது. கடைசியில் அத்தைதான், "மூணு பேரும் ஒண்ணா புடுங்குங்கய்யா. கல்யாணப் பந்தலப் பிரிக்குற மாதிரி" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று கட்சி ஆட்களும் கடப்பாரையோடு வந்தார்கள். கேட்காரரைப் பொதுவானவராக வைத்து, அவர் பச்சைக் கொடியை ஆட்டியதும் மூன்று கம்பமும் ஒன்றாகப் பெயர்ந்தன. மூன்றையும் ஒன்றாகவே புது இடத்தில் நட்டு, யாருடையது உயரம் என்று சண்டையை அங்கே ஆரம்பித்துக்கொண்டார்கள். ரோட்டுக்கு வழி கிடைத்தது.

களம் முதலில் முடிந்தது. சிமெண்ட் ஈரம் காய்வதற்குள் பெண்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடந்தார். "பண்ணைக் களத்தவிடப் பெருசு" என்றார். அளந்து பார்த்ததில் பெரிதில்லை. அதை நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மறு வருடம் பள்ளி தொடங்கிச் சில நாட்களில் ரோடு திறந்தது. தண்டவாளத்தின் மேலேயே இரண்டு பஸ் ஒதுங்குகிற அகலம். ஏற்றத்துக்கு முன்னால் இரண்டு வேகத்தடை. கேட் வரைக்கும் நடுவில் சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக. எங்கள் வயல் பக்கம் பிள்ளைகள் நடக்க மேடாக ஒரு பாதை, வாய்க்கால் ஓரம் கம்பித் தடுப்போடு. இரும்புக் கேட் புதிதாக, நீளமாக வந்திருந்தது. கேட்காரர் அதன் சக்கரத்தைச் சுற்றும்போது புது மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

முதல் நாள் காலை பாசஞ்சருக்கு நானும் போய் நின்றேன். கையைப் பிடிக்கவில்லை. பின்னால் மட்டும் நின்றேன். எனக்கு முன்னாலேயே மாமா அங்கே இருந்தார். நடுக்கற்களுக்குப் பக்கத்தில், ஒரு குச்சியோடு.

நெல் ஏற்றிய லாரி ஒன்று பழைய பழக்கத்தில் வலப் பக்கம் ஏறப் பார்த்தது. மாமா குச்சியை நீட்டினார்.

"கல்லுக்கு இந்தாண்ட வா தம்பி. பஸ்ஸுக்குப் பின்னால நில்லு."

"நீ யாருய்யா, போலீஸா?"

"நிலத்துக்காரன். நீ நிக்குறியே, அது என் வயலு. பதினெட்டுக் குழி. ஒழுங்கா நிக்கிறதுன்னா நில்லு, இல்ல எறங்கி நாத்து நடு."

லாரியிலிருந்த ஆட்கள் சிரித்தார்கள். லாரி பின்வாங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றது. அதன் பின்னால் மாட்டுவண்டி. அதன் பின்னால் இன்னொரு பஸ். எங்கள் ஊரில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதை அன்றுதான் முதலில் பார்த்தேன். பாசஞ்சர் போனது. கேட் உயர்ந்தது. அந்தப் பக்கத்து வண்டிகள் அந்தப் பக்கமாகவும் இந்தப் பக்கத்து வண்டிகள் இந்தப் பக்கமாகவும், ஒருவரை ஒருவர் திட்டக்கூட நேரமில்லாமல் கடந்து போயின. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எதற்கென்று தெரியாமல் எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

கேட்காரர் அறைக்குள் ஓடிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "ரெண்டு நிமிஷம் தங்கச்சி! ரெண்டே நிமிஷத்துல தண்டவாளம் சுத்தமாயிட்டு!"

நான் மகளைத் தேடினேன். மேட்டுப் பாதையில் கம்பியைத் தடவிக்கொண்டே அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, பள்ளித் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தாள். மணி இன்னும் அடிக்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் போய் நின்று பார்த்தேன், சொல்ல வெட்கமில்லை. நான்காம் நாள் போகவில்லை. மாமா மட்டும் போனார். வெகு நாள் வரைக்கும் போய்க்கொண்டிருந்தார்.